நிலக்கடலைப் பூசணமும் கல்லீரல் புற்றுநோயும்

மானாவாரி நிலமுடைய குடியானவருக்கு நிலக்கடலையைப் போல் கைகொடுக்கும் பயிர் வேறில்லை என்பது யாவரும் அறிந்த விஷயம். தென் அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இப்பயிர், தமிழ் நாட்டில் மணிலாக் கொட்டை, மல்லாட்டை, வேர்க்கடலை எனப் பல பெயர்களைப் பெற்று, செம்மண் பூமி உள்ள இடமெல்லாம் பரவியிருக்கிறது. அதன் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். நாலில் ஒரு பங்கு புரதம். எண்ணெய் அடுக்களைக்கும், பிண்ணாக்கும் கொடியும் மாட்டிற்கும், ஓடு அடுப்பெரிக்கவும் பயன்படுவதால், இதில் வீணாகும் பகுதி என்று ஒன்றுமில்லை. வளரும் குழந்தைகளுக்கு இவ்வளவு மலிவான சத்துணவு வேறொன்று கிடைப்பது அரிது. இத்தகைய நல்ல பண்டத்திலேயே, கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத அளவில் சேர்ந்து, கல்லீரலில் புற்றுநோயை விளைவிக்கவல்ல விஷம் ஒன்று உண்டாகக் கூடும் என்பது அநேகருக்குத் தெரியாது. அவ்விஷம் உண்டாவதும் உண்டாகாமற் போவதும் பெரும்பாலும் வைத்தியசாலையிலோ கடைவீதியிலோ தீர்மானமாவதில்லை. கடலையை விளைவிப்பவருடைய வயலிலும் களத்திலுமே தீர்மானமாகின்றன.

இவ்விஷம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு கவனிக்கத்தக்கது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டுபோயின. காரணம் இன்னதென்று புலப்படாமையால் அதற்கு 'எக்ஸ் வியாதி' என்று பெயரிட்டார்கள். தொற்று வியாதியாக இருக்குமோ என்று முதலில் சந்தேகித்தவர்கள், பின்பு தீனியை ஆராய்ந்தபோது, பிரேஸில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு அத்தீனியிற் கலந்திருப்பதைக் கண்டனர். அதில் படிந்திருந்த பூசணம் 1961-ம் வருஷத்தில் அடையாளம் காணப்பட்டது. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். அப்பெயரின் எழுத்துக்களைச் சேர்த்தே, அது கக்கும் விஷத்திற்கு அப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தனர். அவ்விதமான பிண்ணாக்கை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில், அவற்றின் கல்லீரலில் புற்றுக் கட்டிகள் தோன்றின. அதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மீன் பண்ணைகளில் வளர்ந்த டிரௌட் மீன்களுக்கும் கல்லீரற் கட்டிகள் கண்டன. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. ஆகவே விஷம் கடலையினுடையதன்று, பூசணத்தினுடையது என்பது தெளிவாயிற்று. மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, மிளகாய் வற்றல் முதலிய பண்டங்களிலும் அது உண்டாகும். எனினும், பூமிக்குள்ளேயே காய்ப்பதாலும், அப்பூசணத்தின் வாசஸ்தலமும் பூமியே ஆதலாலும், கடலைக்கு அபாயம் அதிகம்.

மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பொடி படிந்தாற்போல் காணப்படும் இப்பூசணம், உஷ்ணப் பிரதேசங்களின் மண்ணில் எங்கும் உண்டு. அது படிந்த ஒவ்வொரு பருப்பிலும் விஷம் இருந்தே தீரும் என்பதில்லை. அதன் வகைகளுள் விஷம் கக்காதவையும் உள. இதற்கு மாறாக, வெளியே பூசணம் சிறிதும் தெரியாமல் உள்ளே விஷம் தங்கியிருக்கும் பருப்பும் உண்டு. விஷத்திலே பல பிரிவுகள் இருக்கின்றன. ஊதாக் கடந்த ஒளியில் வைத்துப் பார்த்தால் சில நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்வதைக் கொண்டு அவற்றுக்கு பி, ஜி என்ற எழுத்துக்களை இட்டிருக்கிறார்கள். அவற்றுள் மிகக் கொடியது பி1 எனப்படுவதாகும்.

உடலுக்குள் சென்ற பி1 விஷத்தை வெளியே தள்ளும் பொருட்டுக் கல்லீரல் அதனை மாற்றியமைக்க முயல்கிறது. அம்முயற்சியிலேதான் தீங்கு நேர்கிறது. மாறிய பொருள், உயிரணுக்களுக்குள்ளிருக்கும் பரம்பரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. புற்று வளராதபடி காவல் செய்யும் மரபணு ஒன்று உடலில் உண்டு. சீனாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் விஷம் மிகுந்த உணவை உண்டுவந்த பிரதேசங்களின் கல்லீரல் புற்றுநோயாளரிடம், அந்த மரபணு குறிப்பிட்ட ஒரே இடத்தில் பழுதுபட்டிருப்பதை 1991-ம் வருஷத்தில் கண்டறிந்தார்கள். திருடன் விட்டுச்சென்ற அடித்தடம் போன்றது இது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1987-ம் வருஷத்திலேயே இவ்விஷத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்ற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இவ்விஷம் தனியே செய்யும் தீங்கைவிட, ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சட்காமாலைக் கிருமியோடு சேர்ந்து செய்யும் தீங்கு பன்மடங்கு பெரிது. சீன தேசத்து ஷாங்காய் நகரில் 18,000-க்கு மேற்பட்ட ஆண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து 1994-ல் வெளியிட்ட கணக்கின்படி, இவ்விரண்டும் இல்லாதவரோடு ஒப்பிடுகையில், அப்ளாடாக்ஸின் மட்டும் உட்கொண்டவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 3 மடங்குக்குச் சற்று மேல். கிருமி மட்டும் உள்ளவருக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கோ 59 மடங்கு. மூன்றும் ஏழும் சேர்ந்தாற் பத்துத்தானே என்று கணக்கிடுபவர் இங்கே ஏமாந்து போவார். உலகில் ஒரு வருஷத்தில் தோன்றும் கல்லீரல் புற்றுநோய்களில் இவ்விஷத்தின் பங்கு நூற்றுக்கு 5 முதல் 28 வரை இருக்கலாம் என 2010-ல் கணக்கிட்டனர். இவ்வளவு அகன்ற இடைவெளியில் கணக்குச் சொல்வதற்குக் காரணம், ஏழை நாடுகளில் யார் எவ்வளவு விஷத்தை உட்கொள்கிறார்கள் என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு என்பதே.

சிறுகச் சிறுக உட்சென்று பல வருஷங்கழித்துப் புற்றாக வெளிப்படுவதோடு, ஒரேயடியாக மிகுதியாக உட்கொண்டால் உடனே உயிரைப் போக்கவும் இவ்விஷம் வல்லது. 1974-ம் வருஷத்தின் இறுதியில் ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாரா, குஜராத்துப் பஞ்சமஹால் ஜில்லாக்களிலே, அறுவடைச் சமயத்தில் காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு துன்புற்றனர். 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களும் அதே குறிகளோடு மாண்டன. அவர்கள் விலைக்கு வாங்கிய தானியம் அன்று அது. தங்கள் நிலத்தில் தாங்களே விளைவித்தது. நனைந்துபோயிற்றே என்று எறிந்துவிட அவர்களுக்கு வகையில்லை.

கடலைக்குள் பூசணம் புகும் வழி இரண்டு. பூமிக்குள் இருக்கையில் புகுவது ஒன்று. பிடுங்கிய பின் புகுவது மற்றொன்று. முதலாவது வழியைப் பற்றிக் குடியானவர்களுக்குள் தவறான எண்ணம் ஒன்று உண்டு. பூசணம் என்றாலே ஈரத்தால் வருவது என்று எண்ணி, அறுவடைக்கு முன் நிலம் காய்ந்தால் நல்லதென நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் மாறானது. 105 நாள் பயிரில் 70-ம் நாளுக்கு மேல், அதாவது பருப்பு முற்றும் தருணத்தில், மூன்று வாரங்களுக்கு மேல் வறட்சி நீடித்து மண்ணும் சூடேறினால், விஷம் பூமிக்குள்ளேயே உண்டாகிவிடுகிறது. பச்சைக் கடலைப் பருப்புக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி உண்டு. பூசணம் தீண்டியவுடன், அதை எதிர்க்கும் காப்புப் பொருள்கள் சிலவற்றை அது சுரக்கிறது. பருப்பில் போதிய நீர் இருக்கும் வரையிலேதான் அச்சுரப்பு நடைபெறும். வறட்சியால் பருப்பிலே நீர் குன்றும்போது சுரப்பு நின்றுவிடும். பூசணமோ அந்தக் குறைந்த நீரிலும் வளர வல்லது. காவற்காரன் உறங்கத் திருடன் விழித்திருப்பது போன்ற நிலைமை அப்போது ஏற்படுகிறது.

கடலை சுரக்கும் இக்காப்புப் பொருள்களில் ஒன்றாகிய ரெஸ்வெராட்ரால் என்பது, கறுப்புத் திராட்சைத் தோலிலும் இருப்பது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சுண்டெலிகளின் தோலில் புற்றுக் கட்டிகள் வளர்வதை இப்பொருள் குறைத்ததாக 1997-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அது முதல் திராட்சையும் கடலையும் புற்றுநோய்க்கு மருந்து என்று பலர் எழுதவும் பேசவும் தலைப்பட்டனர். சுண்டெலியின் தோலிற் கண்ட பயனை மனிதருக்குச் சிகிச்சையாகக் கொள்வதற்கு இன்றளவும் போதிய ஆதாரம் ஏற்படவில்லை. குடியானவருக்கு இதிலுள்ள பயன் வேறு. ஒரே கடலைப் பருப்பிலே நன்மை தரத்தக்க பொருளும், நிச்சயமாகத் தீமை தரும் பொருளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன; எது மேலோங்கும் என்பதைக் கடைசி மாதத்துத் தண்ணீர் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆதலால் கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள், நீர் குறைவாக இருந்தால் அதனை முற்றும் பருவத்திற்கென்று மிச்சப்படுத்தி, அந்த வாரங்களில் ஓரிரு தண்ணீராவது பாய்ச்சுதல் அவசியம். கிணறில்லாதவர்கள் பருவமறிந்து விதைப்பதும், வறட்சிக்கு முன்பே முற்றிவிடும் குறுகிய வயதுள்ள ரகங்களைத் தேர்வதும் தவிர வேறு வழியில்லை. விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்ஸம் இட்டு மண் அணைத்தால், சுண்ணாம்புச் சத்தினால் ஓடு உறுதிப்பட்டு, பூசணம் துளைத்துப் புகுவது கடினமாகும். அதற்குப் பின்பு களைக்கொட்டு கொண்டு மண்ணைக் கிளறலாகாது. கொட்டுப் பட்டுக் கீறிய காயும், கறையான் அரித்த காயும் பூசணத்திற்குத் திறந்த வாயில்களாகும். காய் முற்றியதைத் தெரிந்துகொள்ள நாலைந்து செடிகளைப் பிடுங்கி ஓட்டை உரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஓடுகளின் உட்புறம் கறுத்திருந்தால் அதுவே தருணம். கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் இல்லாமையால், தருணம் தப்பிய காய் மண்ணிலேயே முளைத்துவிடும்; முளைவிட்ட காயில் பூசணம் சுலபமாகப் புகும். ஆள் கிடைக்கவில்லை என்று பத்து நாள் தள்ளிப் போடுவதால் வரும் நஷ்டம் முளைத்துப்போன காய்களோடு முடிவதில்லை.

இரண்டாவது வழியாகிய, அறுவடைக்குப் பின் நேரும் பூசணமே தமிழ் நாட்டில் மிகுதியும் கவனிக்க வேண்டியது. ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் கொட்டுகிறது. பிடுங்கிய அன்று காயில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு வரை ஈரம் இருக்கும். பருப்பின் ஈரம் 7 பங்குக்கு இறங்கும் வரையில் பூசணம் வளர இடமுண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நாட்களே அபாய நாட்கள். அவற்றை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு விஷம் குறையும்.

வழக்கத்தில் நடப்பது என்னவெனில், செடிகளைப் பிடுங்கியதும் வயலிலேயே பெரும் போராகக் குவித்துவிடுகிறார்கள். காய் ஆயும் பெண்கள் ஒரு வயலை முடித்து மறு வயலுக்கு வர இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். அதற்குள் போரின் நடுவே கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். அச்சூடும் ஈரமும் பூசணத்திற்கு மிகவும் ஏற்றவை. இதற்கு மாற்றாக, பிடுங்கிய செடிகளைச் சிறு கட்டுகளாக்கி, தழை கீழாகவும் காய் மேலாகவும் இருக்கும்படி வரிசையாகத் தலைகீழாய் அடுக்கிவைக்கும் முறையை ஆராய்ச்சி நிலையங்கள் சிபாரிசு செய்கின்றன. காய் மண்ணிற் படாமல், காற்றும் வெயிலும் நன்றாகப் படும். தழையே பாயாக உதவுவதால் செலவும் இல்லை. இவ்வாறு இரண்டு, மூன்று நாள் வாடிய பின் காய்களை ஆய்ந்து, களத்தில் மெல்லிதாகப் பரப்பி, பகலில் பலமுறை கிளறிவிட்டு, மாலையில் பனி படாமல் மூடிவைத்து, மேலும் சில நாள் உலர்த்த வேண்டும். கையில் ஒரு பிடி காயை எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடிக் கலகலவென ஒலிக்க வேண்டும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் கழல வேண்டும். ஒலி மந்தமாக இருக்கும் காய் சாக்குக்குள் போகலாகாது. மழை விடாத நாட்களில், கொட்டகையிலோ திண்ணையிலோ ஒற்றை வரிசையாகப் பரப்பிக் காற்றாட விடுவதே மேல். வெயில் இல்லையென்று குவித்து வைத்துக் காத்திருப்பது மிகவும் கெடுதல்.

நன்றாகக் காய வைத்தவர்களும் கடைசியில் ஒரு தவறு செய்கிறார்கள். ஓடு உடைக்கும் யந்திரத்தில் போடுமுன் பருப்பு நொறுங்காமலிருக்கும் பொருட்டுக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. எடை கூடுவது அதிலுள்ள இரண்டாவது லாபம். உலர்த்துவதற்குப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீரில் கரைந்துபோகிறது. நனைந்த பருப்பு சாக்கில் அடைபட்டதும் உறங்கிக் கிடந்த பூசணம் மறுபடியும் எழும்புகிறது. சாக்குகளைத் தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரைத் தொடாமல் அடுக்குவதும், பழைய சாக்குகளை உதறி வெயிலில் போட்டபின் உபயோகிப்பதும் எல்லாரும் அறிந்தவையே. உடைத்த பருப்பைவிட ஓட்டோடு கூடிய காய் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதால், விற்கும் வரையில் காயாகவே வைத்திருப்பது நலம்.

பருப்பைப் பொறுக்கிப் பிரிப்பதால் என்ன பயன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். மேற்கொண்டு பக்குவம் செய்யப்படும் கடலைக்கு இந்தியாவில் அனுமதிக்கப்படும் அளவு, ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோ கிராம். அதாவது நூறு கோடியில் 15 பங்கு. முன்னர் இது 30-ஆக இருந்தது. நேரே உண்பதற்கான கடலைக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பார் அனுமதிப்பது 4 மட்டுமே. மிகவும் கெட்டுப்போன ஒற்றைப் பருப்பில் விஷம் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற விகிதத்தையும் எட்டியிருக்கக் கண்டிருக்கிறார்கள். அரைக் கிராம் எடையுள்ள அத்தகைய பருப்பு ஒன்றில் 500 மைக்ரோ கிராம் விஷம் இருக்கும். சுத்தமான பருப்பு 30 கிலோவோடு அந்த ஒன்றைச் சேர்த்து அரைத்தால், அவ்வளவும் 15 என்ற வரம்பைத் தாண்டிவிடும். விஷம் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, ஒரு சில கெட்ட பருப்புகளிலேயே குவிந்திருக்கிறது என்பதனால்தான் கையால் பொறுக்குவது இவ்வளவு பயன் தருகிறது. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் படிந்தது, பூச்சி துளைத்தது, முளைவிட்டது ஆகியவற்றை நீக்கினால், விஷத்தின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும்.

பொறுக்கி எடுத்த அந்தச் சொத்தைப் பருப்பு எங்கே போகிறது என்பதே இங்குக் கேட்கவேண்டிய கேள்வி. நல்லது சந்தைக்கும் கடனுக்கும் போக, கழிவை வீட்டிற்கு வைத்துக்கொள்வது சிக்கனமுள்ள குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். சட்னிக்கும், வறுத்துத் தின்பதற்கும், குழந்தைகளின் பலகாரத்திற்கும், வேலையாட்களுக்கும் அதுவே போகிறது. கொஞ்சம் கசந்தால் வெல்லம் சேர்த்துக்கொள்கிறார்கள். இவ்வாறாக, சந்தைக்குப் போகும் மூட்டையிலிருந்து நீங்கிய விஷம் முழுவதும், விளைவித்தவருடைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் காரியங்களில் இதைப்போல் விலையுயர்ந்தது வேறில்லை. வறுத்தால் விஷம் போய்விடும் என்பதும் சரியன்று. தண்ணீரின் கொதிநிலை அதை ஒன்றும் செய்வதில்லை. வறுக்கும் சூட்டில் ஒரு பகுதி அழியுமே தவிர முழுவதும் அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்தெடுத்தாலும், அது கக்கிய விஷம் பருப்புக்குள் தங்கிவிடும். கழிவைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவதே தக்கது. விதைக்கும் அதை வைத்துக்கொள்ளலாகாது.

கழிவுப் பருப்பைச் செக்குக்கு அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்ததென நினைப்பவர் உண்டு. ஆட்டும்போது விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். சிறு பகுதி எண்ணெயோடு இறங்கும். ஆலைகளில் காரமிட்டுச் சுத்தி செய்கையில் எண்ணெயிலுள்ளது நீங்கிவிடுகிறது. ஊர்ச் செக்கெண்ணெயில் அச்சுத்தி இல்லாமையால், ஆட்டக் கொண்டுபோகும் பருப்பு பொறுக்கிய பருப்பாக இருப்பது அவசியம். தெளிந்த எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிக் கடும் வெயிலில் வைத்தால் அதிலுள்ள விஷம் விரைவில் சிதைவதாக மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் கண்டறிந்தனர். பிண்ணாக்கிலுள்ளது அவ்வளவு எளிதில் போவதில்லை. அதைத் தின்ற கறவை மாடு, உட்கொண்ட பி1 விஷத்தில் நூற்றுக்கு 1 முதல் 6 பங்கு வரை வேறு உருவில் பாலில் கறக்கிறது. 12 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் அது பாலில் தோன்றும். கெட்ட பிண்ணாக்கை நிறுத்தினால் மூன்று, நான்கு நாட்களில் நீங்கிவிடும். காய்ச்சுவதால் நீங்காது. பாலுக்கு இந்தியாவில் விதித்த வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோ கிராம். பாலே ஆகாரமாயிருக்கும் குழந்தைகளுக்காகவேனும், பூசண நாற்றம் வீசும் பிண்ணாக்கைத் தொட்டியில் கரைக்காமலிருப்பது கடமையாகும். கன்றுகளுக்கும் கோழிகளுக்கும் இது உடனடியாகவே கெடுதல் செய்யும்.

உணவை மாற்றுவதால் இந்நோய் குறையுமா என்பதற்குச் சீனாவில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. யாங்ட்ஸி நதியின் முகத்துவாரத்திலுள்ள சிடோங் என்னும் பிரதேசம், கல்லீரல் புற்றுநோய்க்குப் பேர்போனது. அங்கே பூசணம் பிடித்த மக்காச்சோளமே ஏழைகளின் பிரதான உணவாக இருந்தது. 1980-களில் சந்தைக் கட்டுப்பாடுகள் தளர்ந்து அரிசி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஜனங்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். அவர்களுடைய இரத்தத்தில் விஷத்தின் அடையாளம் மிகவும் குறைந்தது. பின்னர்க் கல்லீரல் புற்றுநோய் மரணங்களும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. குழந்தைகளுக்குக் காமாலைத் தடுப்பூசி போடும் வழக்கம் வருமுன் பிறந்தவர்களிடமும் இக்குறைவு காணப்பட்டதால், இது பெரும்பாலும் உணவு மாற்றத்தின் பலனே என்று கருதுகிறார்கள்.

அதே சிடோங்கில் 1997-ல் மற்றொரு சோதனையும் நடந்தது. இலைப் பச்சையிலிருந்து தயாரிக்கப்படும் குளோரோபிலின் என்ற பொருளை 180 பேரில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்கு 100 மில்லி கிராம் வீதம் நாலு மாதம் கொடுத்தனர். மற்றப் பாதியினருக்கு வெறும் மாத்திரை. பச்சைப் பொருளை உண்டவர்களின் சிறுநீரில், பரம்பரைப் பொருளை விஷம் சிதைத்ததன் அடையாளம் 55 சத விகிதம் குறைவாக இருந்தது. குடலில் அது விஷத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே செல்லவிடாமல் தடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கீரையை உண்பது பல வகையிலும் நன்மையே. ஆயினும் சோதித்தது கீரையையன்று, அதிலிருந்து மாற்றிச் செய்த பொருளை என்பதையும், குறைந்தது அடையாளமேயன்றி நோய் குறைந்ததாக அச்சோதனை காட்டவில்லை என்பதையும் மறக்கலாகாது. முருங்கைக் கீரையை வதக்கிப் போட்டுவிட்டால் சொத்தைக் கடலையைத் தாராளமாகத் தின்னலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பேதைமை.

கிராமங்களில் செல்வாக்குள்ளவர்களும் அதிகாரிகளும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. காமாலைக் கிருமியும் பூசண விஷமும் சேர்வதே பேரபாயம் ஆதலால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று விசாரிப்பதும் கடலைச் சாகுபடியைச் சேர்ந்த காரியமே. இத்தடுப்பூசி 2011 முதல் இந்தியா முழுவதும் அரசாங்கச் செலவில் போடப்படுகிறது. வீட்டில் பிறக்கும் குழந்தைகளே பெரும்பாலும் இதைத் தவறவிடுகின்றன.

சந்தையின் நிலைமையும் குடியானவருக்கு அனுகூலமாக இல்லை. கடலை எடைக்கு விலைபோகிறது. ஏழு பங்கு ஈரத்துக்கு உலர்த்தியவர் நூற்றுக்கு நாலைந்து பங்கு எடையை இழந்து, தெளித்துக் கொண்டுவந்தவரைவிடக் குறைவாகப் பெற்றுத் திரும்புகிறார். ஈரமானியைக் கொண்டு காய்ச்சலைச் சோதித்து, உலர்ந்த காய்க்குத் தனி விலை கூறும் ஏற்பாடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் உறுதிப்பட்டாலன்றி, உலர்த்துங்கள் என்று எவ்வளவு எழுதினாலும் பாதிப் பயனே உண்டு. அதுவரையில், ஊர்தோறும் பொதுக் களங்களைச் செப்பனிட்டு, ஐப்பசி மழைக்கு முன்பே தார்ப்பாய்களைச் சேகரித்து வைத்தால் பெரும் உதவியாயிருக்கும். தார்ப்பாயைப் போட்ட பின்பு அப்படியே விட்டுவிட்டால் உள்ளே வியர்த்துக் காய் அவிந்துபோகும். மழை விட்டவுடன், அது நடுப்பகலாயினும் சாயங்காலமாயினும், அதை எடுத்துக் காற்றுப் படச் செய்து, இரவில் மாத்திரம் மறுபடியும் மூடவேண்டும்.